கிளை

அடிமரம் ஆந்திராவில்,
கிளை தமிழ்நாட்டில்.
நகரி போலீஸும் பள்ளிப்பட்டு போலீஸும்
காலை ஏழிலிருந்து பதினொன்றுவரை
டேப் பிடித்து அளந்தார்கள்.
பாதம் தொங்கிய இடம் நம் பக்கம் என்று தீர்ந்ததும்
முடிச்சோடு சேர்த்துக் கயிற்றை அறுத்து
என் மேஜைக்கு அனுப்பினார்கள்.

முடிச்சை விட்டுவிட்டு வேறெங்காவது வெட்டுங்கள் என்று
எத்தனை கடிதம் எழுதியிருப்பேன்.

புருஷோத்தம். இருபத்தாறு. விசைத்தறி.
போலீஸ் தாளில் ஒரே வரி:
தூக்கிட்டு இறந்ததாகத் தெரிகிறது.

தணிகாசலம் விளக்கைச் சாய்த்துப் பிடித்தார்.
இமையைப் புரட்டினேன்.
கேழ்வரகைவிடச் சிறிய சிவப்புப் புள்ளிகள்.
இருமி இருமிச் செத்தவனுக்கும் இவை வரும்,
இதயம் நின்றுபோனவனுக்கும் வரும்.
மூச்சடைப்புக்கென்று தனி முத்திரை கிடையாது.
இது இல்லை, அதுவும் இல்லை என்று
கதவுகளைச் சாத்திக்கொண்டே போய்
சாத்த முடியாத ஒன்றின் முன்னால் நிற்பதற்கு
எனக்குச் சம்பளம்.

கயிற்றுத் தடம் காதுப்பக்கம் ஏறியிருந்தது.
ஏறத்தான் வேண்டும்.
ஆனால் தோல் வெறுமனே மஞ்சளாய்க் காய்ந்திருந்தது,
ஓரத்தில் ஒரு பொட்டுச் சிவப்பில்லை.
உயிரோடு தொங்கியவனுக்குக் கடைவாயில்
எச்சில் வழிந்து கோடாய் நிற்பதுண்டு.
அதுவும் இல்லை.

புரட்டிப் போடச் சொன்னேன்.
தொங்கினால் ரத்தம் காலுக்கு இறங்கும்.
இவன் கால் வெளுத்துக் கிடந்தது.
முதுகு முழுக்க நாவல்பழக் கறை,
குறுக்கே வெள்ளையாய் இரண்டு பட்டை.
ஏதோ இரண்டு சட்டத்தின் மேல்
எட்டு மணி நேரமாவது மல்லாந்து கிடந்திருக்கிறான்.

மண்டை. பிறகு மார்பு.
ரத்தம் வடியட்டும் என்று காத்திருந்தோம்.
தணிகாசலம் வெளியே போய் ஒரு பீடி முடித்து வந்தார்.
கழுத்தைக் கடைசியில்தான் திறக்கலாம்,
அவசரப்பட்டால் கசிகிற ரத்தமே
இல்லாத காயத்தைக் காட்டும்.
தசையை ஏடு ஏடாக விலக்கினேன்.
நாவடி எலும்பு
வேறெந்த எலும்போடும் சேராமல்
தொண்டையில் மிதக்கிற லாடம்,
முழுசாக இருந்தது.
கழுத்தில் ஒன்றுமில்லை.

அப்புறம்தான் உதட்டை மடக்கினேன்.
உட்புறம் அவன் பற்களே அவனைக் கடித்த தடம்.
மேலுதட்டை ஈறோடு கட்டும் மெல்லிய இழை
அறுந்திருந்தது.
மேலிருந்து யாரோ எதையோ வைத்து
வெகுநேரம் அழுத்தியிருக்கிறார்கள்.
மூக்குக்குள் நீலப் பஞ்சு.
"மாட்டிக்கிட்டான் மேடம்" என்றார் தணிகாசலம்.
எங்கே மாட்டினான்?
இந்த ஊரில் யார் மூக்கில் பஞ்சில்லை.

வராந்தாவில் தங்கை நாகரத்னா.
அண்ணனுக்குச் சின்னதிலிருந்தே
ஊபிரி ஆடாது என்றாள்,
பஞ்சு பறந்தால் இழுக்கும்,
இன்ஹேலர் எப்போதும் சட்டைப்பையில்.
எதிர்த்தரப்பு வக்கீலுக்கு இது ஒன்று போதும்.
உள்ளே போய் மூச்சுக்குழாயின் கிளைகளை
நுனிவரை கீறிப் பார்த்தேன்.
எங்கும் சளி அடைக்கவில்லை.
அந்தக் கதவையும் சாத்தினேன்.
சட்டைப்பை காலி.

இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டேன்.
அவன் உங்கள் மரத்தில் சாகவில்லை.
"அப்போ நகரி கேஸா மேடம்?"
குரலில் அப்படியொரு காற்றோட்டம்.
தெரியாது, முதலில் சட்டத்தைத் தேடுங்கள் என்றேன்.
"எந்தச் சட்டம் மேடம்?"
மரச்சட்டம். ரெண்டு. நடுவில் ஒன்றரை அடி.

மூக்கிலிருந்த இழையை அறிக்கையில் எழுதினேன்,
நிறம், நீளம்.
அதற்கு மேல் எழுதவில்லை.

ராத்திரி குளித்துவிட்டு மூக்கைச் சிந்தினேன்.
கைக்குட்டையில் நீலம்.